செவப்பு லைட்டு எரியுதுன்னு சொல்லுமுன்னே

எங்கள் ஆபீசில் போன் அடித்தால் மூன்றில் ஒரு பேச்சுதான் வரும். "நெட்டு வரல." "சுத்திக்கிட்டே கெடக்கு." "செவப்பு லைட்டு எரியுது." அம்பாசமுத்திரத்திலும், ஆற்றைத் தாண்டி கல்லிடைக்குறிச்சியிலும், சுற்றுவட்டத்தில் சில ஊர்களிலுமாக ஆயிரத்து இருநூறு வீடுகளுக்குப் பக்கமாக ஃபைபரில் இணையம் கொடுக்கிறோம். முதலாளி அண்ணாச்சி டிவி கேபிள் காலத்திலிருந்தே போஸ்ட் ஏறியவர். லைன்மேன்கள் மூன்று பேர். பில் போடுவது, ரீசார்ஜ் பார்ப்பது, சர்வர் பார்ப்பது, போனில் திட்டு வாங்குவது என்று மிச்ச சோலி எல்லாம் என் தலையில்.

எண்களைச் சேர்த்து வைக்கும் ப்ரோமீதியஸையும் அவற்றைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃபானாவையும் நிறுவி, யாரோ செய்து வைத்த டாஷ்போர்டு ஒன்றை இறக்கி, சிபியு இவ்வளவு, மெமரி இவ்வளவு என்று பளபளவென்று காட்டுவது அரை நாள் வேலை. அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் சர்வரின் சிபியு எவ்வளவு ஓடுகிறது என்று இதுவரை ஒரு வாடிக்கையாளரும் போன் பண்ணிக் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது மேலே சொன்ன மூன்றைத்தான். அந்த மூன்றையும் அவர்கள் சொல்லுமுன்னே நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டது சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டும். அதற்காக இலவசக் கருவிகளின் மேல் நான் கட்டி வைத்திருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்து நின்றது ஒரு விலைப்பட்டியல். ஆபீசிலிருந்து வீடுகளுக்கு ஃபைபரில் வெளிச்சம் அனுப்பும் ஓஎல்டி பெட்டியை விற்றவர்களே கண்காணிப்பு மென்பொருளும் வைத்திருந்தார்கள். எங்களிடம் இருப்பதோ மூன்று கம்பெனிப் பெட்டிகள். ஒன்றின் மென்பொருள் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அண்ணாச்சி பட்டியலைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "ஏம்மா, இந்த ரூவாய்க்கு முக்கூடல் வரைக்கும் கேபிளே இழுத்திரலாம்லா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை மட்டமாகச் சொல்ல வரவில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கும் சோஹோ 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்ததே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். கீழே நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகும் எஸ்என்எம்பி என்ற, நெட்வொர்க் பெட்டிகளிடம் தகவல் கேட்டு வாங்கும் நெறிமுறையில் பிழைப்பைத் தொடங்கிய கம்பெனி நம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் எங்கள் ஆபீசின் கல்லாவுக்கு இலவசம்தான் தோது.

இலவசத்திலும் கடை நிறைய. நாகியோஸ் 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வந்தது. இருக்கிறதா இல்லையா என்று கேட்டுச் சொல்வதில் இன்றைக்கும் கெட்டி. லாட்வியாவில் பிறந்த ஜாபிக்ஸ் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும். சுவிட்சும் ரவுட்டரும் மட்டும்தான் உங்களிடம் என்றால் லிப்ரேஎன்எம்எஸ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். பெட்டியின் முகவரியைக் கொடுத்தால் போர்ட், ட்ராஃபிக், வெப்பநிலை எல்லாவற்றையும் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். இந்தப் பதிவின் மீதியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் ப்ரோமீதியஸுக்குப் போனதற்கு ஒரே காரணம், அது கேட்கும் எழுத்து அவ்வளவு எளிது. ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் சில அடையாளங்கள், ஓர் எண். ஒரு வரி முடிந்தது. இந்த மாதிரி வரிகளை ஏதாவது ஒரு முகவரியில் வைத்துவிட்டால், ப்ரோமீதியஸ் நிமிடத்துக்கு ஒரு தரம் தானே வந்து எடுத்துக்கொண்டு போகும். பைத்தானில் எழுதலாம், ஷெல்லில் எழுதலாம், மூன்று ரூபாய் வயரில் தொங்கும் சென்சாரிலிருந்தும் அனுப்பலாம். 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற பாட்டுத் தளத்தின் சர்வர்களுக்காக எழுதத் தொடங்கியது, இன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் கண்ணாடி இழைக்குள் போகும் வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது.

அந்த வெளிச்சத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். செவப்பு லைட்டு என்றால் அதுதான்.

ஓஎல்டியின் ஒரு போர்ட்டிலிருந்து ஒற்றை இழை புறப்படும். வழியில் ஸ்ப்ளிட்டர் அதை எட்டாகப் பிரிக்கும், அடுத்த போஸ்ட்டில் இன்னொன்று மறுபடி எட்டாகப் பிரிக்கும். இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தரமும் வெளிச்சம் பாதி. கணக்கில் அது 3 டிபி (டெசிபல்) இறக்கம். எட்டாகப் பிரித்தால் ஏட்டில் 9, நிஜத்தில் பத்துக்கு மேல் போகும். இழையின் தூரத்துக்குக் கொஞ்சம், ஒவ்வொரு கனெக்டருக்கும் கொஞ்சம் என்று கழித்துக்கொண்டே வந்தால் வீட்டு மோடத்துக்கு வந்து சேர்வது துளியூண்டு. ஜிபான் என்ற இந்த வகை ஃபைபரின் மோடத்துக்கு -27 டிபிஎம் வரை கண் தெரியும். அதாவது ஒரு வாட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. அதற்கும் கீழே போனால்தான் செவப்பு லைட்டு.

ஆகவே செவப்பு லைட்டு எரிவது கதையின் கடைசி வரி. அதற்கு முன்பே வெளிச்சம் -20, -22, -25 என்று இறங்கி வந்திருக்கும். ஜாயின்ட் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், ஆடிக்காற்றில் போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிள் ஆடி ஆடிக் கனெக்டர் நெகிழ்ந்திருக்கும், வீட்டுக்கு வெள்ளையடித்தவர் கேபிளை மடக்கி ஆணியில் மாட்டியிருப்பார். ஓஎல்டிக்குள் ஒவ்வொரு வீட்டின் எண்ணும் இருக்கிறது. எடுக்க வேண்டியதுதான்.

எடுப்பதுதான் பாடு. எஸ்என்எம்பியில் ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளி புள்ளியாக நீண்ட ஓர் எண் முகவரி. அந்த முகவரிகளுக்கு விளக்கம் சொல்லும் கோப்பு மிப். எங்கள் மூன்று பெட்டிகளில் ஒன்றுக்கு மிப் தளத்திலேயே கிடைத்தது, இன்னொன்றுக்குக் கேட்டு வாங்கினோம், மூன்றாவதற்கு இல்லை என்றார்கள். அதற்குச் செய்தது இதுதான்: பெட்டியிடமிருந்து உள்ளது அத்தனையையும் ஒரு தரம் கொட்டச் சொன்னேன். லைன்மேன் தம்பி ஒரு வீட்டில் பவர் மீட்டரை வைத்து -21.4 என்று போனில் சொன்னான். கொட்டியதில் -2140-க்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தேடினேன். பிறகு அவன் கேபிளை லேசாக வளைத்துப் பிடிக்க, எந்த எண் இறங்குகிறது என்று பார்த்தேன். நூறால் பெருக்கித்தான் பெட்டி அந்த எண்ணைச் சொல்கிறது. மோடம் அணைந்திருந்தால் 2147483647 என்று சொல்லும். மைனஸுக்கும் இடம் விட்டு 32 பிட்டில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு அந்தப் பெட்டியின் பாஷை. அதை வடிகட்டாமல் சராசரி எடுத்தால் கோடு பொதிகை மலை உச்சிக்குப் போய்விடும்.

அடுத்தது நேரம். ஓஎல்டியின் மூளை சின்னது. எல்லா மோடங்களின் வெளிச்சத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் பதில் வர ஒரு நிமிடத்தை நெருங்கும். ப்ரோமீதியஸோ சொல்லிவைக்காவிட்டால் பத்து விநாடிதான் பொறுக்கும். சரி, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கச் சொல்லலாம் என்றால் அதிலும் இடறும்: ஓர் எண் புதிதாக வந்து ஐந்து நிமிடமானால் ப்ரோமீதியஸ் அதைக் காலாவதி என்று ஒதுக்கிவிடும், கோடு அறுந்து அறுந்து வரும்.

வழி, சர்வரின் எண்களை ப்ரோமீதியஸுக்கு எடுத்துக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற துணை மென்பொருளில் இருக்கிறது. அதற்குள் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் என்று ஒரு வசதி. குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் கோப்பு ஒன்றைப் போட்டால், ப்ரோமீதியஸ் வரும்போதெல்லாம் அதில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், நேரம் பார்த்து வேலையைக் கிளப்பும் கிரான் என் பைத்தான் ஸ்கிரிப்டை எழுப்பும், அது ஓஎல்டிகளிடம் பொறுமையாகக் கேட்டுக் கோப்பை எழுதும். எழுதுவதில் இரண்டு கவனம் வேண்டும். வேறு பெயரில் முழுதும் எழுதி முடித்துவிட்டுத்தான் உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கோப்பை அது படித்துவிடும். இன்னொன்று, ஸ்கிரிப்ட் செத்துப் போனாலும் பழைய கோப்பு அங்கேயே கிடக்கும், எண்கள் அசையாமல் நல்லபிள்ளையாக நிற்கும். கோப்பு கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதையும் நோட் எக்ஸ்போர்ட்டர் தனி எண்ணாகக் கொடுக்கிறது. அது அரை மணி நேரத்துக்கு மேல் பழசானால் எனக்கு ஓர் எச்சரிக்கை வரும். எனக்கு மட்டும், லைன்மேன்களுக்கு இல்லை.

எந்த அளவில் சத்தம் போட வேண்டும்? -25 தாண்டினால் என்று வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மணிமுத்தாறு போகிற வழியில் ஒரு வீடு வருடக்கணக்கில் -25.5-இல் நின்றுகொண்டு எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆபீசுக்கு அடுத்த தெருவில் -19-இல் இருந்த வீடு ஒரு வாரத்தில் -22-க்கு வந்தால் அதுதான் செய்தி. ஆகவே ஒவ்வொரு வீட்டையும் அதனோடேயே ஒப்பிடுகிறேன்: கடந்த ஏழு நாளில் அந்த வீட்டின் நடு எண் என்ன, இப்போது அதிலிருந்து 2 டிபி இறங்கியிருக்கிறதா? இறங்கி ஒரு மணி நேரம் அப்படியே நின்றால் பட்டியலில் சேரும். ப்ரோமீதியஸில் இது ஒரே வரி விதி. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் இந்த ஒரு வரியை எழுத இடம் இருக்குமா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

பட்டியலில் சேர்ந்த வீடுகள் ஒரே ஸ்ப்ளிட்டரில் இருந்தால் குறை போஸ்ட்டில். ஒரு வீடு மட்டும் என்றால் குறை வீட்டில். இது தெரிய எந்த மோடம் எந்த ஸ்ப்ளிட்டரில், எந்தப் போஸ்ட்டில் என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எந்தப் பெட்டியிலும் இல்லை. லைன்மேன்களின் தலைக்குள் இருந்தது. லிப்ரே ஆபீஸில் ஒரு தாள் திறந்து, சாயங்காலம் சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி ஏற்றினோம். போஸ்ட்டுக்கு எண் போடலாம் என்றேன். "நம்பர் போட்டா எவனுக்குக்கா தெரியும்? இசக்கியம்மன் கோயில் எதிர் போஸ்ட்டுன்னு போடுங்க" என்றான் சின்னவன். அவன் சொன்னபடியே போட்டேன். ப்ரோமீதியஸில் அடையாளங்களின் மதிப்பு எந்த மொழியிலும் இருக்கலாம், தமிழை அது ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்கிறது. இப்போது எங்கள் விதிகளுக்குள் 'அரிசி மில் வளைவு', 'ரயில்வே கேட் வேப்பமரம்', 'பழைய தியேட்டர் பின்னாடி' என்றெல்லாம் ஓடுகிறது. அந்தத் தாள்தான் இந்த முழு ஏற்பாட்டிலும் விலை மதிப்பானது. மற்றதெல்லாம் இறக்கிக்கொள்ளலாம்.

மோடம் முழுசாகவே போனால் கரண்ட் போனதா, கேபிள் அறுந்ததா? கரண்ட் போகும்போது மோடத்துக்குள் இருக்கும் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் கொஞ்ச மின்சாரத்தில் அது ஓஎல்டிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு அணையும். டையிங் காஸ்ப் என்பார்கள். கேபிள் அறுந்தால் அந்தச் செய்தி வராது, சட்டென்று இருட்டு. எங்கள் பெட்டிகள் ஒவ்வொரு மோடத்துக்கும் கடைசியாகப் போன காரணத்தை வைத்திருக்கின்றன. ஒரே ஸ்ப்ளிட்டரில் பாதிக்கு மேல் வீடுகள் ஐந்து நிமிடத்துக்குள் போய், காரணம் கரண்ட் என்று இருந்தால் யாரையும் கிளப்புவதில்லை. கரண்ட் காரணம் இல்லாமல் போனால் லைன்மேனுக்குத் தகவல். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தும் நாட்களில் இந்த ஒரு விதி மட்டும் இல்லையென்றால் மூன்று பேரும் வண்டியை உதைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருப்பார்கள். உண்மையில் முன்பு சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இத்தனை வீடு, இத்தனை எண் என்றால் டிஸ்க் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு வீட்டுக்கு ஆறு அளவு, ஆயிரத்து இருநூறு வீட்டுக்கு 7,200. நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு ஒரு கோடியே மூன்றரை லட்சத்துச் சொச்சம். ப்ரோமீதியஸ் சுருக்கி வைக்கும்போது ஓர் எண்ணுக்கு ஒன்று முதல் இரண்டு பைட்தான் ஆகும். ஆக நாளைக்கு 20 எம்பி, வருடத்துக்கு ஏழெட்டு ஜிபி. கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிது. சொல்லிவைக்காவிட்டால் பதினைந்து நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. நான் 400 நாள் என்று மாற்றியிருக்கிறேன். இந்த ஆடியைப் போன ஆடியோடு வைத்துப் பார்க்க வேண்டும். காற்றுக் காலம், மழைக் காலம் என்று எங்கள் குறைகளுக்குப் பருவம் உண்டு. பதினைந்து நாள் நினைவு எங்கள் ஊருக்குப் போதாது.

"சுத்திக்கிட்டே கெடக்கு" வேறு மாதிரி. வெளிச்சம் நன்றாக இருக்கும், மோடம் பச்சையாக எரியும், படம் மட்டும் ஓடாது. பெரும்பாலும் ராத்திரி எட்டிலிருந்து பத்தரைக்குள். இதற்கு, வெளியிலிருந்து தட்டிப் பார்த்து பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர். எங்கள் ரவுட்டர், மேலே எங்களுக்கு இணையம் கொடுப்பவரின் முதல் படி, அதற்கும் வெளியே ஒரு முகவரி என்று மூன்று இடத்துக்கு பிங் போகும். கூடவே, தளத்தின் பெயரைக் கொடுத்து எண் முகவரியைக் கேட்கும் ஒரு டிஎன்எஸ் கேள்வி. எந்தப் படியில் நேரம் கூடுகிறது என்று பார்த்தால் குறை நம்முடையதா மேலே உள்ளவருடையதா என்று தெரிந்துவிடும். மேலே என்றால் அந்தக் கோட்டைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுவேன். முன்பெல்லாம் "உங்க பக்கம்தான் பாருங்க" என்பார்கள். கோட்டைக் காட்டிய பிறகு பேச்சின் தோரணை மாறிவிட்டது.

ட்ராஃபிக் அளப்பதில் ஒரு பழைய பொறி இருக்கிறது. போர்ட் வழியாக எத்தனை பைட் போனது என்பதற்கு எஸ்என்எம்பியில் 32 பிட் எண்ணி ஒன்று உண்டு. விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் முழுதாக ஓடினால் அது முப்பத்து நாலு விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்பவனுக்கு நடுவில் ஒரு சுற்று முடிந்ததே தெரியாது; நெட்டு நிரம்பி வழியும் நேரத்தில் கோடு சாதுவாகக் கீழே கிடக்கும். 64 பிட் எண்ணி தனியாக இருக்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் டோபியாஸ் ஊட்டிக்கர் 1995-இல் ட்ராஃபிக்கைக் கோடாக வரையும் எம்ஆர்டிஜி என்ற கருவியை எழுதியபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது 64 கிலோபிட் லைன் ஒன்றை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தாலே அதற்கு ஜாஸ்தி. அதே வழியை இன்றைய ஃபைபருக்கு அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் ஆபீஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

"நெட்டு வரல" பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் பெரும்பகுதி ரீசார்ஜ் முடிந்த கேஸ். வாடிக்கையாளர் கணக்கைச் சரிபார்த்து உள்ளே விடும் ஃப்ரீரேடியஸின் டேட்டாபேஸில் நாளைக்கு முடியப்போகிறவர்களை எடுத்து முந்தின நாளே செய்தி அனுப்புகிறோம். அந்த வகைப் போன் குறைந்தது. இன்னும் போன் பண்ணுபவர்களில் பாதிப்பேர் வைஃபை பாஸ்வேர்டு மறந்தவர்கள். அதற்கு எக்ஸ்போர்ட்டர் கிடையாது.

இனி, யாரை எழுப்புவது. கருவி செய்தவர்கள் இதை எங்களுக்காக யோசித்திருக்க முடியாது.

ப்ரோமீதியஸின் எச்சரிக்கைகளை ஆளிடம் கொண்டுசேர்ப்பது அலர்ட்மேனேஜர். அதற்கு டெலிகிராம் தெரியும், மெயில் தெரியும். எங்கள் லைன்மேன்கள் மெயில் பார்ப்பதில்லை. "யக்கா, மெயிலெல்லாம் பேங்க்காரன் அனுப்புதது" என்றான் ஒருவன். டெலிகிராம் போட்டுக் கொடுத்தேன், ஆங்கிலத்தில் வந்த செய்தியைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே நடுவில் சின்னதாக ஒரு வெப்ஹுக் எழுதினேன். அலர்ட்மேனேஜர் அதனிடம் கொடுக்கும், அது தமிழில் ஒரு வாக்கியமாக்கி அனுப்பும்: 'ரயில்வே கேட் வேப்பமரம் போஸ்ட். ஏழு வீடு போச்சு. கரண்ட் இருக்கு. கேபிள் பாரு.' இவ்வளவுதான். எத்தனை வீடு என்பதைத் தவிர வேறு எண் இல்லை, டிபிஎம் இல்லை. போஸ்ட் ஏறுகிறவனுக்கு எந்த போஸ்ட் என்று தெரிந்தால் போதும். அண்ணாச்சிக்கு வேறு செய்தி, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரே ஒரு தரம், அன்றைக்கு மொத்தம் எத்தனை போச்சு, எத்தனை சரியாச்சு என்று.

ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டு இணைப்பு எது போனாலும் யாரையும் எழுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். ஆஸ்பத்திரி லைனும், இரண்டு பெட்ரோல் பங்கும், மெயின் ஃபைபரும் மட்டும் விதிவிலக்கு. இங்கே நேரத்தில் ஒரு கண் வேண்டும். ப்ரோமீதியஸ் விதிக்குள் மணி என்று கேட்டால் அது சொல்வது யூடிசி என்ற உலகப் பொது மணி. நம் ராத்திரி பத்து அதற்குச் சாயங்காலம் நாலரை. மணியை முழு எண்ணாகத்தான் கொடுக்கும் என்பதால் நம்முடைய ஐந்தரை மணி வித்தியாசத்தில் அந்த அரை வந்து தொந்தரவு செய்யும். நேரக் கணக்கை விதிகளில் வைக்காமல் அலர்ட்மேனேஜரில் வைத்துவிட்டால் அங்கே ஏசியா/கொல்கத்தா என்றே எழுதிக்கொள்ளலாம்.

மெயின் ஃபைபர் போனால் அதன் கீழே உள்ள ஸ்ப்ளிட்டர்கள், வீடுகள் எல்லாம் போகும். அத்தனைக்கும் செய்தி போனால் எது வேர் எது இலை என்று தெரியாது. பெரியது போயிருக்கும்போது சிறியதெல்லாம் வாயை மூடு என்று சொல்ல இன்ஹிபிட் என்று ஒரு வசதி. எங்கள் தாளில் போஸ்ட் வரிசை இருப்பதால் இதை எழுதுவது சுலபமானது.

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகியதை நம் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருநெல்வேலி ஜங்ஷன் தண்ணீருக்குள், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் சிக்கிக்கொண்டார்கள். எங்களுக்கு மேலேயிருந்து இணையம் கொண்டுவரும் லைன் போனது. செய்தி அனுப்பும் ஏற்பாடு அதே லைனில்தான் உட்கார்ந்திருந்தது. எல்லாம் போச்சு என்று சொல்ல வேண்டியதும் சேர்ந்தே போச்சு. பெரிய ஆபீஸ்களிலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். இப்போது சர்வர் அறையில் சிம் போட்ட ஜிஎஸ்எம் மாட்யூல் ஒன்று இருக்கிறது. காம்மு என்ற இலவச மென்பொருள் அதன் வழியாக எஸ்எம்எஸ் அனுப்பும். மெயின் ஃபைபருக்கு மட்டும் அந்த வழி.

அதே அறையில் வெப்பநிலை சென்சார் ஒன்றும் தொங்குகிறது. மேலே தகரம், சித்திரை மாதம் மத்தியானம் உள்ளே போனால் அவிந்துவிடுவோம். டிஎஸ்18பி20 என்ற மூன்று கால் சென்சார், ஈஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டு, நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. முந்நூறு ரூபாய்க்குள் முடியும். இதை வைப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கரண்ட் வந்து முதல் அளவு எடுப்பதற்குள் கேட்டால் அது 85 டிகிரி என்று சொல்லும். அது பழுதில்லை, சென்சாரின் ஆரம்ப மதிப்பு அப்படி. வயர் கழன்றால் நாம் வழக்கமாகப் போடும் லைப்ரரி -127 என்று சொல்லும். இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் விதி எழுத வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருவதால், எறியாவிட்டால் தினமும் தீப்பிடித்த செய்தி வரும்.

பேட்டரி வோல்டேஜும் எடுக்கிறேன். இதில் ஒரு ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். போகிற போக்கை நேர்கோடாக நீட்டி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லும் ஃபங்ஷன் ப்ரோமீதியஸில் இருக்கிறது. டிஸ்க் நிரம்புவதற்கு அது அருமை. லெட் ஆசிட் பேட்டரி நேர்கோட்டில் இறங்குவதில்லை. நெடுநேரம் அப்படியே நின்றுவிட்டுக் கடைசியில் பொத்தென்று விழும். அதற்குப் பழைய கணக்குதான் சரி: இந்த அளவுக்கு வந்தால் ஜெனரேட்டரைப் போடு.

கண்காணிக்கிற சர்வரே நின்றுபோனால்? எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலர்ட் வைத்திருக்கிறேன். நிபந்தனையே கிடையாது, எப்போதும் உண்மை. அது என் வீட்டு அலமாரியில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு தரம் போய்ச் சேர வேண்டும். ஐந்து நிமிடம் வராவிட்டால் அங்கே ஒரு பஸ்ஸர் கத்தும். ஒருமுறை அம்மா எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். அதற்கு அலர்ட் எழுத முடியவில்லை.

கடைசியாகச் சேர்த்தது ஒரு சின்ன வசதி. லைன்மேன் வேலையை முடித்ததும் அதே செய்திக்குப் பதிலாகக் காரணத்தை எழுத வேண்டும். முதலில் முரண்டு பிடித்தார்கள். இப்போது எழுதுகிறார்கள்: 'அணில் கடிச்சிட்டு', 'கரும்பு லாரி', 'கொடைக்குப் பந்தல் போட்டவன் வெட்டிட்டான்', 'குரங்கு தொங்கிட்டு'. குரங்கு பாபநாசம் போகிற பக்கம் மட்டும். அந்த வரிகளும் டெக்ஸ்ட்ஃபைல் வழியாக ப்ரோமீதியஸுக்குள் போகின்றன, காரணம் ஓர் அடையாளமாக. கிராஃபானாவில் அதை மாதவாரியாகப் போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். அணில் தனியாக முன்னால் நின்றது, அதுவும் இரண்டே தெருக்களில், தென்னை நிற்கும் இடங்களில்.

"அங்கன மட்டும் கம்பி சுத்துன கேபிள் போட்டா எவ்வளவு ஆவும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்தேன். விலைப்பட்டியலைப் படித்த அதே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை ஆர்டர் போட்டுவிட்டார்.